சுவரில் ஒட்டினால் வாசிப்பு வந்துவிடுமா? வகுப்பறை ‘வேர்ட் வால்’ பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஒன்றாம் வகுப்புச் சுவரில் ‘மரம்’ என்று ஓர் அட்டை. பக்கத்திலேயே பச்சை நிறத்தில் ஒரு மரத்தின் படம். டீச்சர் அதன்மேல் குச்சியை வைத்ததும் மொத்த வகுப்பும் கோரஸாக ‘மரம்’ என்கிறது. அதே சொல்லை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, ஒரே ஒரு குழந்தையைக் கூப்பிட்டுக் காட்டினால்? பல நேரம் அமைதிதான் பதில்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பலருக்கும் இது பழக்கமான காட்சி. அந்தக் குழந்தை அடையாளம் வைத்திருந்தது ஜன்னல் பக்கம் இருக்கும் பச்சைப் படத்தை. சொல்லை இன்னும் வாசிக்கவே ஆரம்பிக்கவில்லை.

வகுப்பறைச் சுவரில் சொற்களை ஒட்டிவைத்து வாசிப்பைச் சொல்லித்தரும் முறைக்கு ‘வேர்ட் வால்’ என்று பெயர். தமிழில் ‘சொல் சுவர்’ எனலாம். ப்ளே ஸ்கூலில் இருந்து அரசுத் தொடக்கப் பள்ளி வரை பல இடங்களில் பார்க்கலாம். செலவு குறைவு, பார்க்கவும் அழகு. ஆனால் அது வாசிக்கக் கற்றுத்தருகிறதா, சும்மா சுவரை நிரப்புகிறதா என்பது, ஒட்டிய பிறகு என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. இன்னொரு விஷயமும் உண்டு: ஆங்கிலத்துக்காக உருவான சுவரை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் பாதிப் பயன்தான் கிடைக்கும். ஏன் என்று பார்ப்போம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

பிரதம் அமைப்பின் ‘அசர்’ ஆய்வு, கிராமப்புறக் குழந்தைகளின் வீடுகளுக்கே போய் ஒரு சின்னப் பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பார்க்கிறது. 2022-ல் இந்திய அளவில் அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில், இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 16.3 சதவீதம். 2024-ல் அது 23.4 சதவீதம். முன்னேற்றம்தான். ஆனாலும் நான்கில் மூன்று குழந்தைகளுக்கு இன்னும் அந்தப் பத்தி எட்டவில்லை.

மூன்றாம் வகுப்பு ஏன் முக்கியம்? அதுவரை குழந்தை வாசிக்கக் கற்றுக்கொள்கிறது. அதன்பிறகு வாசித்துத்தான் மற்ற எல்லாவற்றையும் கற்க வேண்டும். ‘கமலாவிடம் 24 மாம்பழங்கள் இருந்தன...’ என்று தொடங்கும் கணக்கில் ஒரு குழந்தை திணறினால், அதற்குக் கழித்தல் தெரியாது என்று நாம் நினைத்துக்கொள்வோம். பல சமயம் அதற்குத் தெரியாதது அந்த வாக்கியத்தை வாசிக்கத்தான்.

இதனால்தான் தமிழ்நாடு அரசு 2022 ஜூன் 13-ல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பார்த்துப் பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். மத்திய அரசும் ‘நிபுண் பாரத்’ என்ற பெயரில் 2021-ல் இதே நோக்கத்தோடு ஒரு திட்டத்தை அறிவித்தது. இந்த மாதிரித் திட்டங்கள் வரும்போதெல்லாம் வகுப்பறைச் சுவர்களும் கவனத்துக்கு வருகின்றன.

இந்த ஐடியா எங்கிருந்து வந்தது?

இன்று நாம் பார்க்கும் வடிவிலான வேர்ட் வாலைப் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கக் கல்வியாளர் பேட்ரிசியா கன்னிங்ஹாம். 1990-களில் அங்கே தொடக்க வகுப்புகளில் இது வேகமாகப் பரவியது. முறை ரொம்ப சிம்பிள். ஏ முதல் இசட் வரை சுவரில் தலைப்பு எழுத்துகள். வாரத்துக்கு சுமார் 5 புதுச் சொற்கள், அந்தந்த எழுத்துக்குக் கீழே. தினமும் சில நிமிடம் அந்தச் சொற்களை வைத்துக் கைதட்டுதல், உச்சரித்தல், எழுதுதல். வருடக் கடைசியில் நூறு சொற்களுக்கு மேல் குழந்தையின் கையில் இருக்கும்.

எந்தச் சொற்கள்? அதற்கு ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது. எட்வர்ட் டால்ச் என்பவர் 1936-ல் வெளியிட்ட 220 சொற்கள். குழந்தைகளுக்கான ஆங்கிலப் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வருபவை. இன்று யூகேஜி பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றும் ‘சைட் வேர்ட்ஸ்’ லிஸ்ட் பெரும்பாலும் இதன் பேரன், பேத்திதான்.

ஆங்கிலத்துக்கு இது தேவைப்பட்டதற்குக் காரணம் இருக்கிறது. ‘வன்’ என்று சொல்லும் எண்ணை எழுதும்போது ஓ, என், இ. ‘செட்’ என்று வாசிக்கும் சொல்லில் எஸ், ஏ, ஐ, டி. எழுத்து ஒன்று சொல்கிறது, வாய் இன்னொன்று சொல்கிறது. இப்படி முரண்டு பிடிக்கும் சொற்கள்தான் அடிக்கடியும் வருகின்றன. அதனால் அவற்றைக் கண்ணெதிரே வைத்துக்கொள்வது நல்ல யோசனையாகத் தெரிந்தது.

தமிழ்நாட்டுக்கும் சுவரைக் கற்றலுக்குப் பயன்படுத்துவது புதுசு இல்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு 2007-08-ல் மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலை அப்போது படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குழந்தை உட்கார்ந்தபடியே எழுத வசதியாகச் சுவரின் கீழ்ப்பகுதியில் கரும்பலகை, தலைக்குமேல் குழந்தைகளின் படைப்புகள் தொங்கும் கம்பிப் பந்தல். சுவர் டீச்சருக்கு மட்டும் சொந்தமில்லை, குழந்தைக்கும் அதில் இடம் உண்டு என்பதை அந்த முறை நன்றாகவே புரியவைத்தது.

‘பார்த்துப் பார்த்து மனப்பாடம்’ சரியா?

வேர்ட் வால் பற்றிய பெரிய தவறான நம்பிக்கை இது. ஒரு சொல்லைத் தினமும் பார்த்தால், போட்டோ மாதிரி மூளையில் பதிந்துவிடும் என்று நினைக்கிறோம்.

வாசிப்பு ஆய்வாளர்கள் சொல்வது வேறு. அமெரிக்க உளவியலாளர் லின்னியா எஹ்ரியின் பல ஆண்டு ஆய்வுகள் காட்டுவது இதைத்தான்: ஒரு சொல் ‘பார்த்ததும் தெரியும்’ நிலைக்கு வருவது, அதிலுள்ள ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வோர் ஒலியோடு முடிச்சுப் போட்டுக்கொண்ட பிறகுதான். நீங்கள் இந்தக் கட்டுரையை எழுத்துக்கூட்டி வாசிக்கவில்லை. ஆனால் முன்னொரு காலத்தில் எழுத்துக்கூட்டியதால்தான் இப்போது இப்படி வழுக்கிக்கொண்டு போக முடிகிறது.

இதனால் அமெரிக்காவிலேயே வேர்ட் வாலுக்கு விமர்சனம் வந்தது. ‘நீ’ என்று ஒலிக்கும் முழங்காலுக்கான சொல்லும், ‘ஃபோன்’ என்ற சொல்லும் அந்தச் சுவரில் கே, பி வரிசைகளில் இருக்கும். ஒலியை வைத்துத் தேடும் குழந்தை அவற்றை எப்படிக் கண்டுபிடிக்கும்? அதனால் அங்கே பல பள்ளிகள் ‘சவுண்ட் வால்’ பக்கம் திரும்பியிருக்கின்றன. ஆங்கிலத்தின் சுமார் 44 ஒலிகளின்படி சொற்களைப் பிரித்து, அந்த ஒலிக்கு வாய் எப்படிக் குவியும் என்ற படத்தையும் பக்கத்தில் வைக்கிறார்கள்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். ஒரு மொழியை வாசிக்கும்போது குழந்தை எங்கே தடுக்கி விழுகிறதோ, அந்த இடத்தில் சுவர் கைகொடுக்க வேண்டும்.

தமிழில் குழந்தை எங்கே தடுக்கி விழுகிறது?

ஆங்கிலம் மாதிரி முரண்டு பிடிக்கும் எழுத்துக்கூட்டு தமிழில் குறைவு. ‘க’ என்ற எழுத்து ‘கடல்’, ‘தங்கம்’, ‘மகன்’ மூன்றிலும் மூன்று மாதிரி ஒலிக்கிறது. ஆனால் வீட்டில் தமிழ் பேசும் குழந்தை அதைத் தானாகவே சரிசெய்துகொள்கிறது. சிக்கல்கள் வேறு இடங்களில் இருக்கின்றன.

முதல் சிக்கல், எழுத்துகளின் எண்ணிக்கையும் வடிவமும். 247 எழுத்துகளில் 216 உயிர்மெய். ‘கொ’ என்ற எழுத்தைப் பாருங்கள். முதலில் ஒற்றைக்கொம்பு, நடுவில் க, கடைசியில் துணைக்கால். இடமிருந்து வலமாக வாசிக்கப் பழகும் குழந்தைக்கு, முதலில் கண்ணில் படுவது கடைசியில் ஒலிக்க வேண்டிய உயிரின் பாதி! உகர வரிசை இன்னும் மோசம். கு, டு, மு ஒரு மாதிரி வளையும். சு, பு, வு கீழே இறங்கும். து, நு, லு சுழித்துக்கொண்டு மேலே ஏறும். ஒரே ஒலிக்கு இத்தனை வடிவம்.

கன்னட எழுத்துகளைக் குழந்தைகள் கற்கும் வேகத்தை ஆராய்ந்த சொனாலி நாகின் 2007 ஆய்வு, இந்த மாதிரி எழுத்து முறைகளை முழுசாகக் கற்க ஆங்கில எழுத்துகளைவிட அதிக காலம் பிடிக்கும் என்கிறது. நான்காம் வகுப்பு வரைகூட அது நீள்கிறது. கட்டமைப்பில் தமிழும் இதே குடும்பம்தான். அதனால் ‘ஒண்ணாங் கிளாஸ் முடிச்சும் கொம்பு போடத் தெரியலையே’ என்று உடனே டென்ஷன் ஆக வேண்டாம்.

இரண்டாவது சிக்கல், பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். குழந்தை வீட்டில் சொல்வது ‘எல’. புத்தகத்தில் இருப்பது ‘இலை’. கஷ்டப்பட்டு இ, லை என்று கூட்டி முடித்தால், காதில் விழுவது தனக்குத் தெரிந்த சொல்லாக இல்லை. ‘அவங்க’ புத்தகத்தில் ‘அவர்கள்’ ஆகிறார்கள். ‘வந்துருச்சு’ என்பது ‘வந்துவிட்டது’ ஆகிவிடுகிறது. ஆங்கிலத்துக்கு ‘சைட் வேர்ட்ஸ்’ என்ன வேலை செய்கிறதோ, தமிழில் அந்த இடத்தில் இருக்க வேண்டியவை இந்தச் சொற்கள்தான்.

மூன்றாவது சிக்கல், வால் முளைக்கும் சொற்கள். சுவரில் ‘மரம்’ கற்ற குழந்தை, பாடத்தில் ‘மரத்தடியில்’ என்று பார்த்ததும் நின்றுவிடும். ‘ம்’ எங்கே போனது? ‘வீடு’ எப்படி ‘வீட்டுக்கு’ ஆனது? ஆங்கிலத்தில் ஒரு சொல் பெரும்பாலும் அதே உருவத்தோடு வரும். தமிழில் அடிச்சொல் உடை மாற்றிக்கொண்டே இருக்கும்.

அப்போ தமிழ்ச் சுவர் எப்படி இருக்கலாம்?

இந்த மூன்று சிக்கலுக்கும் மூன்று பகுதிகளாகச் சுவரைப் பிரித்தால் போதும்.

1. எழுத்துக் குடும்பம்: அ முதல் ஔ வரை வரிசையாக ஒட்டுவதைவிட, அந்த வாரம் கற்கும் குறியை வைத்துச் சொற்களைச் சேர்க்கலாம். கை, பை, மை, தை ஒரு வாரம். கொடி, தொடு, பொடி, மொட்டு இன்னொரு வாரம். உகரத்தில் வடிவ வாரியாகப் பிரித்தால் குழப்பம் குறையும். ட, ப, ம தெரிந்த குழந்தைக்கு ‘படம்’ கொடுங்கள், அடுத்து ‘பட்டம்’. தெரிந்த எழுத்தை வைத்தே வாசிக்க முடிகிற சொல் என்பதால் யூகிக்க வேண்டிய அவசியம் இல்லை.

2. வீட்டுச் சொல், புத்தகச் சொல்: இலை, இடம், இறகு ஆகிய மூன்றும் பேச்சில் எல, எடம், எறகு. உடம்பு, குடை, குரங்கு, முதலை ஆகியவை ஒடம்பு, கொட, கொரங்கு, மொதல. கவனித்தீர்களா? சொல் தொடக்கத்தில் இகரம் எகரமாகவும், உகரம் ஒகரமாகவும் மாறுகிறது. ‘குதிரை’ மட்டும் ‘கொதிர’ ஆவதில்லை. அடுத்த எழுத்தில் இருக்கும் உயிர்தான் இதைத் தீர்மானிக்கிறது. இலக்கணம் எதுவும் சொல்ல வேண்டாம். இந்தச் சொற்களை ஒரே இடத்தில் ஒட்டி, ‘நாம எப்படிச் சொல்றோம்? புக்ல எப்படி இருக்கு?’ என்று கேட்டாலே குழந்தை பேட்டர்னைப் பிடித்துக்கொள்ளும். முக்கியமான விஷயம், வீட்டுப் பேச்சைத் தப்பு என்று சொல்லக் கூடாது. இரண்டும் சரி, இடம்தான் வேறு.

3. வால் முளைத்த சொற்கள்: நடுவில் ‘மரம்’. சுற்றி மரத்தை, மரத்தில், மரங்கள். மாறாத பகுதி ஒரு நிறம், மாறும் பகுதி வேறு நிறம். இரண்டாம், மூன்றாம் வகுப்புகளுக்கு இது ரொம்பவே உதவும்.

சொற்களைத் தேர்ந்தெடுக்கும்போது குழந்தையின் வாயிலிருந்தும் எடுக்க வேண்டும். பஸ், ஐஸ், ஜன்னல் எல்லாம் அதன் அன்றாடச் சொற்கள். ‘கிரந்த எழுத்து அப்புறம் பார்க்கலாம்’ என்று ஒதுக்கினால், குழந்தை ஆசையாக எழுத நினைக்கும் சொல்லே சுவரில் இருக்காது.

ஓசூர் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குழந்தைகள் இருக்கிறார்கள். திருப்பூரில் இந்தி பேசும் தொழிலாளர்களின் குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ‘எல’, ‘இலை’ இரண்டுமே புதுசு. அங்கே படம் கட்டாயம். அவர்கள் வீட்டில் அதை எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டுச் சேர்த்துச் சொல்லிப் பார்த்தால், தமிழ்ச் சொல்லும் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

நிறைய ஒட்டினால் நல்லதா?

இல்லை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 24 மழலையர் வகுப்புக் குழந்தைகள். சில பாடங்கள் சுவர் முழுக்க அலங்காரம் உள்ள அறையில், சில பாடங்கள் வெறும் சுவர் உள்ள அறையில். அலங்கார அறையில் பாட நேரத்தில் 38.6 சதவீதம் கவனம் வேறெங்கோ போனது. வெறும் அறையில் 28.4 சதவீதம். பாடம் முடிந்து கேட்ட கேள்விகளுக்குச் சரியான பதில், முதல் அறையில் 42 சதவீதம், இரண்டாவதில் 55 சதவீதம்.

சின்ன ஆய்வுதான். அதை வைத்துச் சுவர்களையெல்லாம் சுண்ணாம்பு அடித்துவிட வேண்டியதில்லை. ஆனால் ஜூன் மாதம் முதல் நாளே பிரின்ட் எடுத்த நூறு சொற்களை லேமினேட் செய்து ஒட்டிவிட்டு, அடுத்த ஏப்ரல் வரை தொடாமல் விடும் பழக்கத்துக்கு இது நல்ல எச்சரிக்கை. ஆய்வுக்கு யாராவது வரும்போது காட்டுவதற்காக ஒட்டிய சுவர், குழந்தைக்குக் காலண்டர் படம் மாதிரி ஆகிவிடும்.

தினமும் 10 நிமிடம் என்ன செய்யலாம்?

* கண் மட்டம்: ஆறு வயதுக் குழந்தை நின்றால் கண்ணுக்கு நேராகத் தெரிய வேண்டும், கை எட்ட வேண்டும். எழுத்து, கடைசி வரிசை வரை தெரியும் அளவுக்குப் பெரிதாக, அச்செழுத்து மாதிரி தெளிவாக இருக்கட்டும்.

* வாரம் 5 சொல்: குழந்தைகள் முன்னாலேயே எழுதி, ஒலியைப் பிரித்துச் சொல்லி, அவர்களையே ஒட்டச் சொல்லலாம்.

* கைதட்டு: ‘பட்-டம்’ இரண்டு தட்டு. பிறகு எழுத்தை எண்ணு: ப, ட், ட, ம் நான்கு. ஒலிக்கும் எழுத்துக்கும் முடிச்சு விழுவது இங்கேதான்.

* கண்டுபிடி: ‘மூணு எழுத்து, கடைசியில ல், மேலே அண்ணாந்து பார்த்தா இருக்கும்னு நினைக்காதே, அலை அடிக்கும்!’ குழந்தை சுவரில் தேடிக் ‘கடல்’ அட்டையை எடுத்து வரட்டும்.

* சுவரைப் பாரு: எழுதும்போது ‘டீச்சர், குரங்குக்கு என்ன கு?’ என்று கேட்டால் விடையைச் சொல்லாமல் சுவரைக் காட்டுங்கள். சுவருக்கு இருக்கும் மிகப் பெரிய வேலை இதுதான்.

* இடம் மாற்று: வாரம் ஒருமுறை அட்டைகளைக் கலைத்துப் போடுங்கள். இடத்தை வைத்து யூகிக்கும் பழக்கம் உடையும்.

* ஓய்வு கொடு: எல்லோருக்கும் தெரிந்துவிட்ட சொல்லைச் சுவரிலிருந்து எடுத்து ஒரு டப்பாவில் போடுங்கள். டப்பா நிறைவதைப் பார்ப்பதே குழந்தைகளுக்கு ஒரு கெத்து.

‘இதுக்கெல்லாம் நேரம் எங்கே?’ என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம். கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படியே 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள்தான். அந்த இருவர்தான் ஐந்து வகுப்புகளையும் பார்க்க வேண்டும். ஆனால் அந்த மாதிரிப் பள்ளிக்குத்தான் இந்தச் சுவர் கூடுதலாகக் கைகொடுக்கும். ஒரு குழுவுக்கு டீச்சர் கணக்குச் சொல்லித்தரும்போது, இன்னொரு குழு சுவரில் சொல் தேடி நோட்டில் வாக்கியம் எழுதலாம். அதற்கு முதல் சில வாரம் பழக்கினால் போதும்.

வீட்டில் செய்யலாமா?

தாராளமாக. ஃப்ரிட்ஜ் கதவோ அலமாரிக் கதவோ போதும். ஆன்லைனில் ரெடிமேட் சார்ட் வாங்க வேண்டாம். குழந்தையின் பெயர், அம்மா, தாத்தா, தெருப் பெயர், பிடித்த பிஸ்கட் என்று அதன் உலகத்திலிருந்து ஐந்து சொல்லில் தொடங்குங்கள். ராத்திரி கதை வாசிக்கும்போது, சுவரில் இருக்கும் சொல் பக்கத்தில் வந்தால், ‘இது யாரு, நம்ம ஃப்ரிட்ஜ் ஆளாச்சே!’ என்று நிறுத்துங்கள். ஆங்கில சைட் வேர்ட்ஸும் தமிழும் ஒரே கதவில் கலக்காமல் இருந்தால் நல்லது. இரண்டுக்கும் விதி வேறு.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

ஒரே ஒரு டெஸ்ட் போதும். சுவரில் இருக்கும் ஒரு சொல்லை, குழந்தை இதுவரை பார்க்காத ஒரு வாக்கியத்துக்குள் எழுதிக் கொடுங்கள். படம் வேண்டாம், நிறம் வேண்டாம், கோரஸ் வேண்டாம். ‘குரங்கு மரத்தில் ஏறியது’. தனியாக வாசித்து, யார் ஏறியது என்று கேட்டால் பதில் சொன்னால், சுவர் வேலை செய்கிறது. தடுமாறினால் குறை குழந்தையிடம் இல்லை. எந்த எழுத்தில் நின்றது என்று பார்த்தால், அடுத்த வாரம் சுவரில் என்ன ஒட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

சொற்கள் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000-ல் வாசிப்புக்குத் தேவையானவை என்று ஐந்தைப் பட்டியலிட்டது: ஒலிகளைப் பிரித்தறிதல், எழுத்து-ஒலித் தொடர்பு, சரளம், சொல்வளம், புரிதல். சுவர் முதல் இரண்டுக்கும் சொல்வளத்துக்கும் உதவும். சரளமும் புரிதலும் கதைப் புத்தகத்தில்தான் வரும். தமிழ்நாடு அரசு 2023-ல் கொண்டுவந்த வாசிப்பு இயக்கப் புத்தகங்களுக்கு நுழை, நட, ஓடு, பற என்று நிலைப் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். அந்த வரிசையில் பார்த்தால், சொல் சுவரின் வேலை ‘நுழை’க்கு முந்தின வாசற்படி.

அடுத்த முறை உங்கள் பிள்ளையின் பள்ளிக்கோ, அக்கா பிள்ளையின் பள்ளிக்கோ பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது, சுவர் எவ்வளவு கலர்ஃபுல்லாக இருக்கிறது என்று பார்க்காதீர்கள். இரண்டு கேள்வி கேளுங்கள்: ‘போன வாரம் இதில் எந்தச் சொல் புதுசா வந்தது? எந்தச் சொல்லை எடுத்தீங்க?’ பதில் டீச்சருக்கு முன்னால் குழந்தையிடமிருந்து வந்தால், அந்த வகுப்பில் வாசிப்பு நடக்கிறது என்று நம்பலாம்.